லூப் மறைக்கிறதை ட்வின் எப்படி படிக்குது: ஒரு பக் கன்வெர்ட்டரை வச்சு நிகழ்வு ஆய்வு

டிஜிட்டல் ட்வின்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஸ்க்ரீன்ல சுத்துற 3டி படமும் பக்கத்துல நாலு மீட்டரும்தான் ஞாபகம் வருது. பவர் கன்வெர்ட்டர் விஷயத்துல அந்தப் படமே வேண்டாம். கன்வெர்ட்டர் எப்படி நடந்துக்குதுன்னு சொல்ற சில ஈக்குவேஷன், அதுக்குள்ள இருக்கிற அளவுகளை நிஜ போர்டோட ஒத்துப்போற வரைக்கும் தேடி எடுக்கிற ஒரு வழி, இந்த ரெண்டும் இருந்தா ட்வின் ரெடி. இதுக்கு நான் எடுத்துக்கிட்ட கேஸ் டென்மார்க்ல ஆல்போர்க் பல்கலைக்கழகத்துல யிங்ஜோ பெங், ஷுவாய் ஜாவ், ஹுவாய் வாங் மூணு பேரும் சேர்ந்து பண்ணது, 2021 பிப்ரவரி ஐஇஇஇ பவர் எலக்ட்ரானிக்ஸ் இதழ்ல வந்துச்சு. ஒரு சாதாரண பக் டிசி-டிசி கன்வெர்ட்டர், அதாவது டிசி வோல்டேஜை இறக்கிக் கொடுக்கிற சர்க்யூட், அதுக்கு எக்ஸ்ட்ரா சென்சார் ஒண்ணு கூட போடாம, உள்ள இருக்கிற கெப்பாசிட்டருக்கும் ஸ்விட்ச்சா வேலை செய்யிற மாஸ்ஃபெட்டுக்கும் எவ்வளவு வயசாகிடுச்சுன்னு கண்டுபிடிக்கிற வேலை. பக் ரொம்ப சின்ன சர்க்யூட்தானேன்னு தோணலாம், ஆனா இதுல புரிஞ்சாதான் மூணு ஃபேஸ் இன்வெர்ட்டர்லயும் புரியும்.

என்ன பிரச்சனை

கன்வெர்ட்டர்ல அடிக்கடி உயிரை விடுறது ரெண்டு பாகம், ஒண்ணு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், இன்னொண்ணு செமிகண்டக்டர் ஸ்விட்ச். கெப்பாசிட்டர்ல உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி சீல் வழியா வெளிய போகும், அதனால கெப்பாசிட்டன்ஸ் குறையும், உள்ளுக்குள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸ், அதாவது இஎஸ்ஆர், ஏறும், இஎஸ்ஆர் ஏறினா சூடு ஏறும், சூடு ஏறினா இன்னும் வேகமா ஆவியாகும். பொதுவா கெப்பாசிட்டன்ஸ் 20% குறைஞ்சாலோ இஎஸ்ஆர் ரெண்டு மடங்கு ஆனாலோ அந்தக் கெப்பாசிட்டர் காலம் முடிஞ்சதுன்னு வச்சுக்குவாங்க. மாஸ்ஃபெட்ல ஆன் ஆகி இருக்கும்போது இருக்கிற ரெசிஸ்டன்ஸ் 20% ஏறினா எச்சரிக்கை, சிப்பை காலோட இணைக்கிற மெல்லிசான பாண்ட் வயர் தூக்கிக்கிட்டோ சோல்டர் விரிசல் விட்டோ இது வரும். சர்வீஸ் பண்றவங்க போர்டை திறந்து கெப்பாசிட்டர் உப்பியிருக்கான்னு பாப்பாங்க, ஆனா உப்புறது ரொம்ப கடைசி கட்டம், அதுக்கு முன்னாடியே கதை பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும்.

சரி, நேரா அளந்தா என்னன்னு கேட்டா, ஓடிக்கிட்டு இருக்கிற கன்வெர்ட்டர்ல அது லேசு இல்ல. மாஸ்ஃபெட் ஆஃப்ல இருக்கும்போது அது மேல முழு இன்புட் வோல்டேஜும் நிக்கும், ஆன் ஆனதும் அரை வோல்ட் கூட இருக்காது, அந்த அரை வோல்ட்டை நுணுக்கமா அளக்கணும்னா பெரிய வோல்டேஜை தடுக்கிற கிளாம்ப் சர்க்யூட் தனியா வேணும். கெப்பாசிட்டர் கரண்டை அளக்க அது கால்ல ஒரு காயில் சுத்தணும், டிசைனர் கஷ்டப்பட்டு குறைச்சு வச்ச இன்டக்டன்ஸ் அங்க மறுபடி ஏறும். போதாததுக்கு, கெட்டுப்போறதை கண்டுபிடிக்க போட்ட சர்க்யூட்டே கெட்டுப்போகலாம். அதனாலதான் ஏற்கனவே இருக்கிற அளவுகளை வச்சே கண்டுபிடிக்கிற வழிக்கு இவ்வளவு மதிப்பு.

ஆனா அந்த ஏற்கனவே இருக்கிற அளவுகள்ல பெருசா எதுவும் தெரியாது, ஏன்னா நடுவுல க்ளோஸ்டு லூப் கன்ட்ரோலர், அதாவது அவுட்புட்டை அளந்து அளந்து திருத்துற லூப், உக்காந்திருக்கு. அவுட்புட் 24 வோல்ட்னு சொன்னா 24 வோல்ட்லயே நிறுத்துறதுதான் அது வேலை. மாஸ்ஃபெட் ரெசிஸ்டன்ஸ் ஏறி வோல்டேஜ் துளி இறங்கினா அது டியூட்டியை, அதாவது ஒரு சைக்கிள்ல ஸ்விட்ச் ஆன்ல இருக்கிற பங்கை, துளி ஏத்தி சரி பண்ணிடும், அவுட்புட்டை பாக்கிறவங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். கன்ட்ரோலர் எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ அவ்வளவு நல்லா வயசை மறைக்கும். இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான், கன்ட்ரோலரை விட்டுட்டு பவர் ஸ்டேஜை, அதாவது ஸ்விட்ச்சும் இன்டக்டரும் கெப்பாசிட்டரும் இருக்கிற பகுதியை, மட்டும் மாடல் பண்ணா அது என்ன மறைக்குதுன்னு தெரியாமலே போயிடும்.

ஆல்போர்க்ல என்ன பண்ணாங்க

அவங்க ட்வின்ல மூணு பங்கு இருக்கு, பவர் ஸ்டேஜ், அளவு எடுக்கிற சாம்ப்ளிங் சர்க்யூட், க்ளோஸ்டு லூப் கன்ட்ரோலர். மூணையும் கம்ப்யூட்டர்ல அப்படியே இன்னொண்ணா கட்டினாங்க. பவர் ஸ்டேஜுக்கு இன்டக்டர் கரண்ட், கெப்பாசிட்டர் வோல்டேஜ் ரெண்டுக்கும் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன், ஸ்விட்ச் ஆன்ல இருக்கும்போது ஒரு செட், ஆஃப்ல இருக்கும்போது இன்னொரு செட். அதை சின்ன சின்ன ஸ்டெப்பா நகர்த்த ரங்கே-குட்டா முறை. இது வரைக்கும் சாதாரண சிமுலேஷன், காலேஜ் ப்ராஜெக்ட்ல எல்லாரும் பண்றதுதான்.

வித்தியாசம் அடுத்த படியில. சிமுலேஷன்ல நாம கெப்பாசிட்டன்ஸ் இவ்வளவு, இஎஸ்ஆர் இவ்வளவுன்னு கொடுத்து வேவ்ஃபார்மை வாங்குவோம், இங்க வேவ்ஃபார்ம் நிஜ போர்டுல இருந்து வருது, அந்த அளவுகள்தான் தெரியாது. அதனால அளவுகளை ஊகிச்சு, ட்வின்னை ஓட்டி, அது கொடுக்கிற கரண்டையும் வோல்டேஜையும் நிஜத்தோட ஒப்பிட்டு, வித்தியாசத்தோட வர்க்கங்களை கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை குறையிற பக்கமா ஊகத்தை நகர்த்தணும். நகர்த்துறதுக்கு அவங்க எடுத்துக்கிட்டது பார்ட்டிக்கிள் ஸ்வார்ம் ஆப்டிமைசேஷன், சுருக்கமா பிஎஸ்ஓ, 1995-ல ஜேம்ஸ் கென்னடியும் ரஸ்ஸல் எபர்ஹார்ட்டும் கொண்டு வந்தது. ஒவ்வொரு பார்ட்டிக்கிளும் ஒரு முழு ஊகம், அதுக்குள்ள கெப்பாசிட்டன்ஸ், இஎஸ்ஆர், இன்டக்டன்ஸ், இன்டக்டர் காயிலோட ரெசிஸ்டன்ஸ், மாஸ்ஃபெட் ரெசிஸ்டன்ஸ்னு எல்லாம் இருக்கும், ஒவ்வொண்ணும் தான் இது வரைக்கும் பாத்ததுல நல்ல இடத்தையும் மொத்தக் கூட்டம் பாத்ததுல நல்ல இடத்தையும் வச்சு அடுத்து எங்க போகணும்னு முடிவு பண்ணும்.

பிஎஸ்ஓல ராண்டம் நம்பர் இருக்கு, அதனால ஒரே டேட்டாவை திரும்ப கொடுத்தாலும் பதில் கொஞ்சம் தள்ளி தள்ளிதான் விழும். இதை அவங்க மூடி மறைக்கல, வேற வேற நிலைமையில எடுத்த பதில்களை எல்லாம் கொத்து கொத்தா வச்சு, அந்தக் கொத்து மெல்ல எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்தாங்க. ஒத்தை நம்பரை நம்பாம போக்கை பாக்கிறது, பாகங்களோட நிலைமையை கண்காணிக்கிற கண்டிஷன் மானிட்டரிங்ல ரொம்ப சரியான பழக்கம்னு நான் நினைக்கிறேன், டாஷ்போர்டுல மூணு டெசிமல் வரைக்கும் இஎஸ்ஆர் காட்டுறதை விட இது எவ்வளவோ நேர்மை.

நம்பர் போட்டு பாத்தா

இனி வர்ற நம்பர் அவங்க போர்டோடது கிடையாது, கணக்கு புரியணும்னு நான் எடுத்துக்கிட்டது. இன்புட் 48 வோல்ட், அவுட்புட் 24 வோல்ட், டியூட்டி பாதிக்கு பாதி, ஸ்விட்ச்சிங் 20 கிலோஹெர்ட்ஸ், அப்ப ஒரு சைக்கிள் 50 மைக்ரோசெகண்ட். இன்டக்டர் 600 மைக்ரோஹென்றி, கெப்பாசிட்டர் 150 மைக்ரோஃபாரட், இஎஸ்ஆர் 0.2 ஓம், மாஸ்ஃபெட் 0.2 ஓம், லோடு 10 ஓம், அதாவது 2.4 ஆம்பியர். அளக்கிறது வோல்டேஜை நம்பரா மாத்துற 12 பிட் ஏடிசி, 60 வோல்ட் ரேஞ்ச், அப்ப ஒரு படி ஏறக்குறைய 14.6 மில்லிவோல்ட்.

இன்டக்டர் கரண்ட் ரிப்பிள், அதாவது ஒவ்வொரு சைக்கிள்லயும் ஏறி இறங்குற அளவு, 1 ஆம்பியர் வரும். அது இஎஸ்ஆர் வழியா போகும்போது 200 மில்லிவோல்ட் ரிப்பிள். கெப்பாசிட்டன்ஸால வர்ற ரிப்பிள் தனியா பாத்தா 42 மில்லிவோல்ட்தான். அதோட ஒரு நுணுக்கம் இருக்கு, இஎஸ்ஆரையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கினா 30 மைக்ரோசெகண்ட் வருது, அது ஆன் நேரத்துல பாதியான 12.5 மைக்ரோசெகண்டை விட பெருசு, இப்படி இருந்தா மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவுல இருக்கிற அளவை இஎஸ்ஆர் மட்டும்தான் தீர்மானிக்கும், கெப்பாசிட்டன்ஸுக்கு அதுல பங்கே கிடையாது, அது வேவ்ஃபார்ம் எப்படி வளையுதுங்கிறதுல மட்டும்தான் ஒளிஞ்சிருக்கும். கெப்பாசிட்டன்ஸ் 20% குறைஞ்சு 120 ஆனா அந்த 42 போய் 52 மில்லிவோல்ட் ஆகும், வித்தியாசம் 10, ஏடிசியோட ஒரு படி கூட இல்ல. அதாவது லோடு மாறாம நிதானமா ஓடிக்கிட்டு இருக்கிற நிலையில கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவுன்னு இந்த ஏடிசிகிட்ட கேக்கவே முடியாது. எவ்வளவு நல்ல அல்காரிதம் போட்டாலும் டேட்டாவுல இல்லாததை அது எடுத்துத் தராது.

லோடு திடீர்னு மாறினா கதை வேற. இன்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த இயல்பு இம்பிடன்ஸ் 2 ஓம், கெப்பாசிட்டன்ஸ் 120 ஆனா 2.24 ஓம். 1 ஆம்பியர் லோடு ஏறினா, லூப்பும் ஆட்டத்தை அடக்குற டாம்பிங்கும் இல்லன்னா வோல்டேஜ் இறங்குறதுல கால் வோல்ட் அளவுக்கு வித்தியாசம் வரும், ஏடிசிக்கு 16 படி. லூப்பும் இஎஸ்ஆரும் அதை நல்லாவே குறைச்சுடும், ஆனாலும் படிக்க முடியிற அளவுக்கு மிஞ்சும். அதனால கெப்பாசிட்டன்ஸ் வேணும்னா ட்ரான்சியன்ட் வேணும், ஸ்டார்ட் ஆகிற நேரம், லோடு மாறுற நேரம். வேணும்னே லோடை ஆட்டி டெஸ்ட் பண்றதை விட இயல்பா நடக்கிற மாற்றத்தை காத்திருந்து பிடிக்கிறது நல்லது, ஏன்னா அந்தப் பக்கம் இருக்கிறது ஒருத்தரோட மெஷின்.

இஎஸ்ஆர் இதுக்கு நேர் எதிர், நிதானமா ஓடும்போதே தெரியும், ரெண்டு மடங்கு ஆனா ரிப்பிள் 200-ல இருந்து 400 மில்லிவோல்ட். ஆனா அதுக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. வழக்கமா கன்ட்ரோலரை ஓட்டுற டிஎஸ்பி சிப்போட ப்ரோக்ராம்ல ஒரு சைக்கிளுக்கு ஒரு தடவை, ஆன் நேரத்தோட நடு மையத்துல சாம்ப்பிள் எடுப்போம், சராசரி கரண்ட் சுத்தமா கிடைக்கணும்னுதான் அப்படி. அங்க எடுத்தா ரிப்பிள் கண்ணுக்கே படாது. ஒரு சைக்கிள்ல குறைஞ்சது ரெண்டு தடவை, ஸ்விட்ச் மாறுற இடத்துக்கு பக்கத்துல எடுத்தாதான் தெரியும். சாம்ப்ளிங் சர்க்யூட்டையும் ட்வின்ல சேர்த்தது எவ்வளவு சரின்னு இங்கதான் புரியும், நிஜ போர்டு எந்த நொடியில எந்த ஃபில்டர் வழியா பாக்குதோ ட்வின்னும் அதே நொடியில அதே ஃபில்டர் வழியா பாக்கணும்.

மாஸ்ஃபெட்தான் ரொம்ப கஷ்டமான ஆள். ரெசிஸ்டன்ஸ் 20% ஏறினா 40 மில்லிஓம் கூடுது, 2.4 ஆம்பியர்ல 96 மில்லிவோல்ட், அதுவும் பாதி நேரம் மட்டும், சராசரி 48 மில்லிவோல்ட். அதை கன்ட்ரோலர் டியூட்டியை 0.1% ஏத்தி அப்படியே விழுங்கிடும். ஆனா விழுங்கின கணக்கு அதுகிட்டயே பத்திரமா இருக்கு. 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்ல ஓடுற டிஎஸ்பில 20 கிலோஹெர்ட்ஸுக்கு 5000 கவுண்ட், 0.1% னா 5 கவுண்ட். டியூட்டியை அளக்க வேண்டியதே இல்ல, டிஎஸ்பி தானே போட்ட நம்பர் அது, அதுல சென்சார் நாய்ஸ் கிடையாது. காசு கொடுக்காம கிடைச்ச சென்சார் மாதிரி இது. கன்ட்ரோலரை ட்வினுக்குள்ள வச்சாதான் இது கைக்கு வரும்.

அதுலயும் ஒரு குழப்பம் இருக்கு. டிஎஸ்பி கொடுத்த டியூட்டியும் மாஸ்ஃபெட் நிஜமா ஆன்ல இருந்த நேரமும் ஒண்ணு கிடையாது, கேட் டிரைவர் ஆன் பண்றதுக்கும் ஆஃப் பண்றதுக்கும் எடுத்துக்கிற தாமதம் வேற வேற. அந்த வித்தியாசம் 100 நானோசெகண்ட்னு வச்சுக்கிட்டா 50 மைக்ரோசெகண்ட்ல அது 0.2%, நாம தேடுற வயசோட அடையாளத்தை விட ரெண்டு மடங்கு பெருசு. மாறாம இருக்கிற தாமதம்னா முதல் நாள் அளவுல கழிச்சுடலாம், ஆனா ஆஃப் ஆகிற தாமதம் கரண்டை பொறுத்து மாறும், அதனால ஒரே மாதிரி கரண்ட்ல எடுத்த டேட்டாவை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுறதுதான் பாதுகாப்பு.

சூடு எல்லாத்தையும் கலக்கும்

சிலிக்கான் மாஸ்ஃபெட்டோட ஆன் ரெசிஸ்டன்ஸ் 25 டிகிரில இருந்து 150 டிகிரிக்கு போகும்போது ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும், 20% ஏற 25, 30 டிகிரி சூடு போதும். செம்பு காயில் 50 டிகிரி சூடானா அதுவும் 20% ஏறும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்ல தலைகீழ், சூடானா இஎஸ்ஆர் குறையும், குளிர்ல ஜிவ்வுன்னு ஏறும். அதனால காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது எடுத்த இஎஸ்ஆரை பாத்து கெப்பாசிட்டர் செத்துப்போச்சுன்னும், மதியம் எடுத்ததை பாத்து பிழைச்சுக்கிச்சுன்னும் சொல்ற ட்வின்னை யாரும் ரெண்டாவது நாள் நம்ப மாட்டாங்க. ஒரு சின்ன தெர்மிஸ்டர் ஹீட்சிங்க்ல ஏற்கனவே இருக்கும், அதை வச்சு டேட்டாவை வெப்பநிலை வாரியா பிரிச்சு, அந்தந்த கூட்டத்துக்குள்ள மட்டும் ஒப்பிடணும். இதோட மாஸ்ஃபெட் ரெசிஸ்டன்ஸும் காயில் ரெசிஸ்டன்ஸும் ஸ்விட்ச் ஆன்ல இருக்கும்போது ஒரே வரிசையில, அதாவது சீரிஸ்ல, இருக்கிறதால ட்வினுக்கு ரெண்டையும் சேர்த்துதான் தெரியும். ஆஃப் நேரத்துல மாஸ்ஃபெட் இல்ல, காயிலும் டையோடும் மட்டும், அந்த நேரத்து கரண்ட் எப்படி இறங்குதுன்னு பாத்துதான் பிரிக்க முடியும், அதுக்கு ரெண்டு பக்கமும் சாம்ப்பிள் வேணும்னு மறுபடி அங்கேயே வந்து நிக்குது.

இன்னொரு விஷயமும் சொல்லணும், இதுக்கெல்லாம் மலை மாதிரி டேட்டா வேணும், எல்லாத்தையும் கிளவுடுக்கு அனுப்பணும்னு ஒரு பேச்சு இருக்கு. மேல சொன்ன கன்வெர்ட்டர்ல ஒரு ட்ரான்சியன்ட் 5 மில்லிசெகண்ட்னு வச்சா 100 சைக்கிள், சைக்கிளுக்கு ரெண்டு சாம்ப்பிள், கரண்டும் வோல்டேஜும், மொத்தம் 400 நம்பர், ஒவ்வொண்ணும் ரெண்டு பைட், 800 பைட். டியூட்டியையும் சேர்த்தா ஒரு கிலோபைட். கணக்குதான் கனம், 100 பார்ட்டிக்கிள் 200 சுத்து ஓடினா 20,000 சிமுலேஷன், அது டிஎஸ்பிக்கு ஆகாது, பக்கத்துல ஒரு சின்ன கம்ப்யூட்டர் போதும். வயசு நிமிஷக்கணக்குல மாறாது, நாளைக்கு ரெண்டு தடவை ஓட்டினா தாராளம்.

கன்ட்ரோலுக்கு கொண்டு போறது

மானிட்டர் பண்றது ஒரு பக்கம், அந்தப் பதிலை வச்சு கன்வெர்ட்டரை நடத்துறது வேற பக்கம், இங்க நான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்ற ஆள். ட்வின் சொல்ற இஎஸ்ஆரை பாத்து கரண்ட் லிமிட்டை குறைக்கிறது, மாஸ்ஃபெட் சூடு கூடுதுன்னு தெரிஞ்சா ஸ்விட்ச்சிங் ஃப்ரீக்வன்சியை கொஞ்சம் இறக்குறது, இதெல்லாம் தாராளமா பண்ணலாம், தப்பா போனாலும் கொஞ்சம் பவர்தான் போகும். கன்ட்ரோலரோட கெயினையே, அதாவது பிழைக்கு அது எவ்வளவு பலமா திருத்தம் கொடுக்கணுங்கிற அளவையே, மாத்துறதுதான் யோசிக்க வேண்டிய இடம். ஆனா அதுக்கு தேவையும் இருக்கு, நம்ம உதாரணத்துல இஎஸ்ஆர் உண்டாக்குற ஸீரோ, அதாவது இஎஸ்ஆரோட ஆதிக்கம் ஆரம்பிக்கிற ஃப்ரீக்வன்சி, புதுசுல 5.3 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கும், கெப்பாசிட்டன்ஸ் 120, இஎஸ்ஆர் 0.4 ஆனதும் 3.3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். அது கீழ இறங்க இறங்க அந்தப் பகுதியில லூப் கெயின் தூக்கும், ரெண்டு மடங்கு ரிப்பிளும் ஃபீட்பேக்ல ஏறும், புது கெப்பாசிட்டரை வச்சு ட்யூன் பண்ண கன்ட்ரோலருக்கு இது வேற சர்க்யூட்.

டெட்பீட் மாதிரி மாடலை நம்பி ஓடுற கன்ட்ரோல்ல இது இன்னும் நேரடியா தெரியும். அங்க கன்ட்ரோலர் அடுத்த சைக்கிள் கரண்டை இன்டக்டன்ஸை வச்சு கணக்கு போடுது, அது நம்பிக்கிட்டு இருக்கிற இன்டக்டன்ஸ் நிஜத்தை விட ரெண்டு மடங்கை தாண்டினா லூப் நிலைக்காது, அதுக்கு முன்னாடியே ஆட்டம் தெரியும். பவுடர் கோர் இன்டக்டர்ல கரண்ட் ஏற ஏற இன்டக்டன்ஸ் குறையும், டேட்டாஷீட்ல முதல் வரியில இருக்கிற நம்பரை போட்டு வச்சா ஃபுல் லோடுல மாடல் பொய் சொல்லும். ட்வின் இங்க கரண்ட் வாரியா இன்டக்டன்ஸ் டேபிள் ஒண்ணு போட்டு கொடுத்தா அது பெரிய உதவி. என்னோட கருத்து, ட்வின் கெயினை நேரா எழுதக் கூடாது, முன்னாடியே டெஸ்ட் பண்ணி வச்ச நாலஞ்சு கெயின் செட்ல எதுன்னு மட்டும் சொல்லட்டும், அதுவும் பதில்களோட கொத்து ஒரே இடத்துல நின்னா மட்டும். 50 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை ஓடுற லூப்புக்குள்ள, ராண்டம் நம்பர் போட்டு தேடுற ஒரு அல்காரிதத்துக்கு நேரடி வழி விடுறது சரியில்ல.

வேகமான லூப்புக்கு பக்கத்துலயே ட்வின் வேணும்னா அதுக்கு வேற பாதை இருக்கு. அமெரிக்காவுல சவுத் கரோலினா பல்கலைக்கழக ஆட்கள் 2020-ல வெளியிட்டது கன்ட்ரோலருக்குள்ளயே, உள் சர்க்யூட்டை நாமளே அமைச்சுக்கிற சிப்பான எஃப்பிஜிஏல, நிஜ நேரத்துல ஓடுற ட்வின். அங்க அளவுகளை தேடி எடுக்கிறது இல்ல, பாகங்களோட அளவு இவ்வளவுக்கு இவ்வளவு முன்ன பின்ன இருக்கலாம்னு ப்ராபபிலிட்டியா வச்சு, வெளிய வர்ற வேவ்ஃபார்ம் எந்த எல்லைக்குள்ள இருக்கணும்னு கூடவே கணக்கு போட்டுக்கிட்டே வரும், நிஜம் அந்த எல்லையை தாண்டினா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். திடீர் ஃபால்ட்டை பிடிக்க இது, மெல்ல வர்ற வயசை படிக்க ஆல்போர்க் வழி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டி கிடையாது. ஆல்போர்க் குழு 2022-ல அதே பக் கன்வெர்ட்டருக்கு பிஎஸ்ஓவுக்கு பதிலா, ஈக்குவேஷனையே உள்ள வச்சு பயிற்சி கொடுக்கிற நியூரல் நெட்வொர்க் முறையிலயும் அளவுகளை எடுத்து காட்டினாங்க. தேடுற வழி மாறினாலும் ட்ரான்சியன்ட் இல்லாம கெப்பாசிட்டன்ஸ் தெரியாதுங்கிறது மாறாது.

பெரிய கன்வெர்ட்டர்னா

மூணு ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு போனா ஸ்விட்ச் ஆறு, டையோடு ஆறு, ஃபில்டர் மூணு செட், தெரியாத அளவுகள் சட்டுனு பெருகும், ஒண்ணோட மாற்றம் இன்னொண்ணோட மாற்றம் மாதிரியே தெரியிற ஜோடிகளும் பெருகும். அங்க டிசி லிங்க்ல, அதாவது இன்வெர்ட்டருக்கு டிசி வர்ற பக்கத்துல, ஃபிலிம் கெப்பாசிட்டர் இருந்தா காலம் முடிஞ்சதுக்கு அடையாளம் 20% கிடையாது, 5% அல்லது அதுக்கும் கீழ, அப்ப நாம மேல பாத்த ஏடிசி கணக்கு நாலு மடங்கு இறுக்கமாகும். பெரிய கன்வெர்ட்டர்ல மாஸ்ஃபெட்டுக்கு பதிலா வர்ற ஸ்விட்ச்சான ஐஜிபிடில ஆன் வோல்டேஜ் 5% ஏறினாலே பாண்ட் வயர் பிரச்சனைன்னு எடுத்துக்குவாங்க. இதை எல்லாம் ஒரே பெரிய ட்வின்ல தேடாம, எந்த பாகம் முதல்ல போகும்னு தெரியுமோ அதுக்கு மட்டும் சின்ன ட்வின் கட்டி, மத்த அளவுகளை முதல் நாள் அளந்து நிலையா வச்சுக்கிறது நடைமுறைக்கு ஒத்து வரும்.

அந்த முதல் நாள் அளவு இல்லாம பின்னாடி எதுவும் பண்ண முடியாது. புது போர்டை ஓட விட்ட வாரத்துலயே ஸ்டார்ட் ஆகிற வேவ்ஃபார்ம், ரெண்டு மூணு லோடு மாற்றம், அந்த நேரத்து டியூட்டி, ஹீட்சிங்க் வெப்பநிலை, கூடவே அன்னைக்கு ஓடின கன்ட்ரோல் ப்ரோக்ராம் எந்த வெர்ஷன், ஏடிசி ஸ்கேலிங் எவ்வளவு, இதெல்லாம் சேர்த்து சேமிச்சு வையுங்க. கணக்கு போட்டு எடுத்த இஎஸ்ஆரை மட்டும் எழுதி வைக்காம வேவ்ஃபார்மை அப்படியே வையுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு நல்ல மாடல் கிடைச்சா அதே பழைய டேட்டாவை மறுபடி ஓட்டி பாக்கலாம், ஒரு ட்ரான்சியன்டுக்கு ஒரு கிலோபைட்தான் ஆகுது.